இருபத்தொன்பது நிமிட நிழல்

அவர் பெயர் தேவசகாயம். ஆம்பூருக்கு வெளியே, தொழிற்பேட்டையில், பெண்கள் காலணிகளை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பேட்டர்ன் மாஸ்டராகப் பணியாற்றி வருபவர். காலணியின் ஒவ்வொரு பகுதிக்கும் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அவ்வட்டை ஒரு நூலளவு பிசகினாலும் ஆயிரம் சோடிக் காலணிகள் உலகில் எவர் காலுக்கும் பொருந்தாமற் போகும். ஆதலின் அவரிடம் சில பழக்கங்கள் படிந்திருந்தன. எதனையும் மும்முறை அளப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஆறங்குல எஃகு அளவுகோல் இருக்கும். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டு இருக்கையை அளந்துவிட்டு, அரை அங்குலம் உயரம் குறைவு என்று மனைவியிடம் வருத்தத்தோடு கூறினார். எதைவிடக் குறைவு என்று மனைவி கேட்க, மறுநாளும் அதை அளந்து பார்த்தார். மற்றொரு பழக்கம், தாம் அளந்து பாராத எதன்மீதும் கையெழுத்திடாமை. மகளின் மதிப்பெண் அட்டையையும் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திட்டவர்; அதனால் ஓர் ஆசிரியை அவரோடு நெடுநாள் பேசாமலிருந்தார்.

மனைவி அமிர்தவள்ளி அதே தொழிற்சாலையின் தையற்கூடத்தில் வேலை செய்கிறார். இருவரும் பேரணாம்பட்டுச் சாலையில் உள்ள சிற்றூரிலிருந்து வருபவர்கள். காலை எட்டரைக்கு வேலை தொடங்கச் சங்கு ஊதும். மாலை ஐந்தரைக்கு வேலை முடியச் சங்கு ஊதும். ஐந்து நாற்பதுக்குப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஏழு பத்துக்கு. தையற்கூடத்துப் பெண்களில் அறுபது பேர் அந்த ஐந்து நாற்பதை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கும் நேரத்தைக் குறித்திருந்தார்கள்.

அத்தொழிற்சாலையில் குழுக்கள் பல. கழிவுநீர்க் குழு, தீத்தடுப்புக் குழு, மகிழ்ச்சிக் குழு, ஏனைய குழுக்கள் கூடுகின்றனவா என்று கண்காணிக்கும் குழு. சென்ற ஆண்டு இவற்றோடு கால ஒழுக்கக் குழு ஒன்றும் சேர்ந்தது. இயக்குநர் பரணிதரன் அதன் தலைவர்; பணியாளர் மேலாளர் சம்பத் அதன் செயலாளர்.

வெளிநாட்டிலிருந்து காலணி வாங்குவோர் அனுப்பும் தணிக்கையாளர், மின்சாரத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டுச் சென்றிருந்தார். அண்மையில் அந்நாட்டுக்குச் சென்று வந்த தலைவரோ, அங்கே ஒரு பூங்காவில் நிழற்கடிகாரம் ஒன்றைக் கண்டு நாற்பது படங்கள் எடுத்து வந்திருந்தார். முப்பத்தெட்டில் தலைவர் இருந்தார். மீதி இரண்டில் கடிகாரம் தெரிந்தது. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு குழு முதன்முறையாகக் கூடியது.

“டீசல் இல்லாமல், சம்பளம் கேட்காமல், விடுப்பு எடுக்காமல் உழைக்கின்ற ஒரே ஊழியர் சூரியன்,” என்று தலைவர் உரையாற்றினார். “அவர் தினந்தோறும் நம் வளாகத்துக்குள் வந்து போகிறார். அவரிடம் நாம் இதுவரை எந்த வேலையும் வாங்கவில்லை. இது நிர்வாகத்தின் குறை. நான் ஒப்புக்கொள்கிறேன்.”

அனைவரும் கைதட்டினர் என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சென்னையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வரைபடம் அனுப்பினார். பன்னிரண்டடி ஆரத்தில் ஒரு கருங்கல் வட்டம். அதன் நடுவே ஐம்பத்தொரு பாகைச் சாய்வில் பதினைந்தடி உயரம் எழும்பும் எஃகுத் தகடு. அதை முழு அளவில் கல்லின்மீது வரைந்து கொடுக்க ஆள் வேண்டும். தொழிற்சாலையில் முழு அளவில் வரையத் தெரிந்தவர் தேவசகாயம் ஒருவரே. காலணிக்கு வரைபவர் கடிகாரத்துக்கு வரையலாகாதா என்று குழு கருதியது.

தேவசகாயம் வழக்கம்போல் முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார். உள்ளங்கால் அட்டையில் சிறியதாக ஒன்று செய்து, ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டு மொட்டைமாடியில் வைத்தார். கைக்கடிகாரம் ஒன்பது காட்டியபோது அட்டை தன் விருப்பத்துக்கு வேறு ஏதோ நேரம் காட்டியது. மும்முறை வைத்தார், மும்முறையும் அவ்வாறே. மறுவாரம் மேல்விஷாரத்துக்குச் சென்று, கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் சஹர் என்னும் பேராசிரியையிடம் அட்டையைக் காட்டினார்.

அவர் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். “இது வெளிநாட்டு ஊர்த் தகடுங்க. அவங்க ஊர் எவ்ளோ வடக்கே இருக்குதோ அவ்ளோ சாய்வு. நம்ம ஊருக்குப் பதிமூணு டிகிரி போதும்.”

தேவசகாயத்துக்கு உடனே விளங்கிவிட்டது. முன்னொரு காலத்தில் வெளிநாட்டுக் கால்களின் அளவுக்குச் செய்த மர அச்சுக்கட்டையைக் கொண்டு உள்ளூர்க் கடைகளுக்குக் காலணி செய்து, ஆம்பூரில் ஒரு பெண்ணின் விரல்கூட அதனுள் நுழையாமற் போனது அவர் நினைவுக்கு வந்தது.

சஹர் மேலும் இரண்டு செய்திகளைச் சொன்னார். நம் ஊரில் மணிக்கோடுகள் சம இடைவெளியில் அமையா. நண்பகலை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டும் காலையிலும் மாலையிலும் அகன்றும் கிடக்கும். இது ஒன்று. நாடு முழுமைக்கும் உள்ள கடிகார நேரம் காக்கிநாடாவை ஒட்டிச் செல்லும் ஒரு கோட்டுக்கு உரியது. ஆம்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே கால் மணி நேரம் பிந்தியே வரும். பிப்ரவரியில் இன்னும் பதினான்கு நிமிடம் பிந்தும். ஆக இருபத்தொன்பது. நவம்பர்த் தொடக்கத்தில் ஏறக்குறைய வேறுபாடே இராது. இது மற்றொன்று. மாதந்தோறும் எத்தனை நிமிடம் கூட்டவேண்டும் என்று அவர் ஓர் அட்டவணையும் எழுதிக் கொடுத்தார். கால் மணி நேரத்தைக் கோடுகளிலேயே சேர்த்து வெட்டிவிடலாம் என்றும் கூறினார். ஆனால் அப்போது பன்னிரண்டு மணி நட்டநடுவில் வராது. நட்டநடுவில் பன்னிரண்டும் அதன் கீழே நிறுவனச் சின்னமும் வரவேண்டும் என்று தலைவர் முன்பே கட்டளையிட்டிருந்தார்.

இரண்டாம் கூட்டத்தில் தேவசகாயம் முழு அளவில் வரைந்த புதிய வரைபடத்தைத் தரையில் விரித்தார். தலைவர் நெடுநேரம் அதை நோக்கிவிட்டுத் தேவசகாயத்தை நோக்கினார்.

“பதினைந்து அடி நிமிர்ந்து நின்ற தகடு, இவர் கைக்குப் போனதும் மூன்றடிக்குக் கீழே படுத்துவிட்டது. மீதிப் பன்னிரண்டு அடி எங்கே?”

பன்னிரண்டடி எங்கும் போகவில்லை, அது இன்னும் வாங்கப்படவே இல்லை என்று தேவசகாயம் விளக்கினார். வாங்கப்படாத ஒன்று காணாமற் போவது மேலும் ஐயத்துக்குரியது என்று செயலாளர் கருத்துரைத்தார். சூரியன் இந்த ஊரில் இப்படித்தான் நிற்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கப்பட்டது. அவர் சன்னலைக் காட்டினார். சன்னல் ஆவணமாகாது என்றனர். இறுதியில், பதினைந்தடித் தகடு நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மறைக்கும் என்று உறுப்பினர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் பதின்மூன்று பாகை ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அடுத்து மணிக்கோடுகள். செயலாளர் சம்பத் தாமே அளவுநாடா பிடித்து அளந்து குரலை உயர்த்தினார். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே எட்டரை அங்குலம். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே பத்தரை அடி. ஒரு மணி நேரம் இன்னொரு மணி நேரத்தைவிட இவ்வளவு சிறிதாக இருப்பதற்கு யார் அனுமதி கொடுத்தார் என்று வினவினார். அப்போது கணக்கில் தேர்ந்த உறுப்பினர் ஒருவர், உணவு இடைவேளை அரை மணி நேரம் ஐந்தங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதையும், மாலை வேலைநேரம் பல அடிகளுக்கு நீள்கிறது என்பதையும் மெல்லச் சுட்டிக்காட்டினார். தலைவரின் முகம் மலர்ந்தது.

“நம் கொள்கையைச் சூரியன் நமக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கிறது,” என்றார்.

அதுவும் நிறைவேறிற்று. ஆயின் அச்செய்தி அன்று மாலையே கட்டிங் பிரிவை எட்டிவிட்டது. மறுநாள் தேநீர்க் கடையில் கட்டிங் கோபி தேவசகாயத்தை மறித்தான்.

“இன்னா மாஸ்டர், சோத்து டைம கம்மி பண்ட்டியாமே. அஞ்சு இஞ்ச்சுல இன்னாத்த துன்றது? மூக்குப்பொடி போட்லாம், அவ்ளோதான்.”

நேரம் குறையவில்லை, கோடு மட்டுமே குறுகியது என்று தேவசகாயம் கூறினார். கோபி நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் நம்பவில்லை. தம் குவளையை வைத்துவிட்டு அவர் நடந்தபோது, முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்று மீண்டும் தொடங்குவதைக் கேட்டார்.

தகட்டை இராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் குர்ஷித் பாய் வெட்டிப் பற்றவைத்தார். மாதந்தோறும் கூட்டவேண்டிய நிமிடங்களைக் காட்டும் அட்டவணையையும் துருப்பிடிக்காத எஃகில் பொறித்து, இரண்டு துளைகளிட்டு, கடிகாரத்தின் பக்கத்தில் மாட்டுமாறு ஒரு பலகை செய்து கொடுத்தார். மூன்றாம் கூட்டத்தில் தேவசகாயம் அதை மேசைமேல் வைத்தார்.

“திறப்பு விழாவுக்கு முன்னாடியே தப்புன்னு போர்டு மாட்டச் சொல்றீங்களா மாஸ்டர்?” என்று சம்பத் கேட்டார்.

“தப்பு இல்ல சார். வித்தியாசம்.”

“வித்தியாசம்னு நம்ம ஃபைல்ல ஒரு தலைப்பே கிடையாது. சரி இருக்குது, தப்பு இருக்குது. இதுல எது?”

தேவசகாயம் பலகையைத் துணிப்பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுசென்று கட்டிலுக்கு அடியில் வைத்தார். பலகைக்கு உரிய இடத்தில், எட்டடி உயரத்துக்கு நிறுத்திய மெருகேற்றிய கருங்கல்லில் குழு உறுப்பினர் பதினேழு பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. கடைசியில், கண் மட்டத்தில், “வடிவமைப்பு: தேவசகாயம்” என்று ஒரு வரி. பதினேழு பெயர்களும் உயரத்தில் இருந்தமையால் எளிதில் படிக்கக்கூடியதாக இருந்தது அவ்வொரு வரியே.

பிப்ரவரி முதல் வாரத்தில் திறப்பு விழா. சிறப்பு விருந்தினருக்கு வெயில் ஆகாது என்பதால், கடிகாரத்துக்கும் சேர்த்து முழு வளாகத்துக்கும் பந்தலிட்டிருந்தனர். நிழற்கடிகாரம் ஆழ்ந்த நிழலில் இருந்தது. விருந்தினர் நாடாவை வெட்டிவிட்டு மணி என்ன என்று குனிந்து பார்க்க, ஒன்றும் தெரியவில்லை. செயலாளரின் கண்ணசைவில் மின்பணியாளர் ஒருவர் பெரிய விளக்கொன்றைத் தூக்கிப் பிடித்தார். நிழல் விழுந்தது, காலை பத்து நாற்பதுக்குக் கடிகாரம் ஒன்பது காட்டியது. விருந்தினரைப் படம் எடுப்போருக்கு இடம்விட்டு மின்பணியாளர் இரண்டடி நகர, மாலை நான்காயிற்று. நிறுவனம் காலத்தைவிட விரைந்து முன்னேறுவதை இன்று நேரில் கண்டேன் என்று விருந்தினர் பேசினார். மின்சாரமில்லாக் கடிகாரத்தைப் பாராட்டிச் சான்றிதழும் வழங்கினார்.

மறுநாள் பந்தலைப் பிரித்தனர். சூரியன் வந்தது. தொல்லையும் வந்தது.

எட்டரைச் சங்கு ஊதியபோது வரிசையில் நின்ற எண்ணூறு பேரும் கடிகாரத்தைப் பார்த்தனர். எட்டு மணி ஒரு நிமிடம். கைப்பேசிகளையும் கைக்கடிகாரங்களையும் வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டியிருந்தமையால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லை. அரைமணி நேரம் முன்னதாகவே நம்மை உள்ளே தள்ளுகிறார்கள், அதுவும் எத்தனை ஆண்டுகளாகவோ, என்ற பேச்சு நண்பகலுக்குள் எல்லாக் கூடங்களையும் சுற்றி வந்தது. இதைத் தேவசகாயத்துக்கு முன்பே தெரியும் என்றும், நிர்வாகம் அவரை விலைக்கு வாங்கிவிட்டது என்றும் தொழிலாளர் கூறினர். தொழிலாளருக்கு ஆதரவாகச் சூரியனை அரைமணி நேரம் பின்னுக்கு இழுத்து வரைந்தவர் தேவசகாயமே என்று நிர்வாகம் ஐயுற்றது. இரு தரப்பாரும் ஒரே மனிதரை ஐயுற்றது அத்தொழிற்சாலையின் வரலாற்றில் அதுவே முதன்முறை.

கடிகாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. அதை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டது. காவலர் ஒருவர் பதிவேட்டோடு அமர்த்தப்பட்டார். “நிழல் நகர்வதை நேரில் பார்க்க முடியவில்லை, பார்க்காத நேரத்தில் நகர்கிறது” என்று அவர் முதல் நாள் எழுதினார். இப்பதிவு குழுவைப் பெரிதும் கலக்கியது.

ஆயினும் செயலாளர் சம்பத் மதிநுட்பம் உடையவர். காலையில் அரைமணி நேரம் பிந்துகின்ற கடிகாரம் மாலையிலும் அரைமணி நேரம் பிந்தும் என்பதை அவர் மூன்றாம் நாள் கண்டுகொண்டார். நான்காம் நாள் சுற்றறிக்கை வந்தது. அதன் வாசகம் வருமாறு:

“நிறுவனம் பழமையையும் புதுமையையும் சமமாக மதிக்கிறது. ஆகவே காலையில் வேலை சங்கின்படி தொடங்கும். மாலையில் நிழற்கடிகாரத்தின்படி முடியும். சங்கு தொழிற்பேட்டை முழுமைக்கும் பொதுவாகையால் மாலையிலும் ஊதும். அது வெறும் ஒலியாகக் கருதப்படும்.”

அன்று மாலை ஐந்தரைக்கு வெறும் ஒலி எழுந்தது. எவரும் எழவில்லை. ஐந்து நாற்பது பேருந்து வெற்றிருக்கைகளோடு வாயிலைக் கடந்து சென்றதைத் தையற்கூடத்துப் பெண்கள் சன்னல் வழியே பார்த்தனர். நிழல் ஐந்தரைக் கோட்டைத் தொட்டபோது ஊரில் ஆறாக ஒரு நிமிடமே இருந்தது. அறுபது பேரும் நிறுத்தத்தில் ஏழு பத்து வரை நின்றனர். அரை அங்குலம் உயரம் குறைந்த அந்தச் சிமெண்டு இருக்கையில் தேவசகாயம் உட்கார்ந்தபோது, அதில் இருந்த மூவர் எழுந்து வேறிடம் சென்றனர்.

அடுத்த வாரம் ஒருநாள், பருவம் தப்பிய மேகம் ஒன்று மலைப்பக்கமிருந்து வந்து நான்கு பத்துக்குச் சூரியனை மூடிற்று. நிழல் மறைந்தது. காவலர் நான்கு பத்து என்று எழுதிவிட்டு, அடுத்த நிமிடத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஐந்தரை ஆகாமல் வாயிலைத் திறக்க விதியில்லை. நான்கு பத்துக்கு மேல் நேரம் நகரவும் இல்லை. விளக்குகள் ஏற்றப்பட்டன. ஏழு பத்துப் பேருந்தும் போயிற்று. பிறகு தலைவர் கருணை கூர்ந்து எல்லோரையும் அனுப்பிவைத்தார். மறுநாள் வருகைப் பதிவேட்டில், தையற்கூடத்தினர் அனைவரும் நான்கு பத்துக்கே வெளியேறியதாகக் கண்டு, அரைநாள் விடுப்பு எழுதப்பட்டிருந்தது.

அமிர்தவள்ளி அன்று காலை சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே பேசினார்.

“பஸ்ல யாரும் எங்கூட பேச மாட்றாங்க. பக்கத்து மெஷின் கமலத்துக்கிட்ட ஊசி கேட்டா, உன் வூட்டுக்காரர அளந்து வெட்டிக் குடுக்கச் சொல்லுன்றா.”

“நான் போர்டு செஞ்சு குடுத்தேன். அவங்க மாட்டல.”

“அது கட்டிலுக்கு அடியில இருக்குது. எனக்குத் தெரியும், பெருக்கும்போது தெனம் இடிக்குது. ஆனா கல்லுல இன்னா இருக்குது? சம்பத் சார் பேரு எங்கியோ மேல இருக்குதுங்க. எங்க கண்ணுக்கு நேரா இருக்கறது உங்க பேருதான்.”

தேவசகாயம் அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் குழு அவரை அழைத்தது. பதினேழு பேரும் அமர்ந்திருந்தனர். திங்கட்கிழமை வெளிநாட்டுத் தணிக்கையாளர் வருகிறார் என்றும், கடிகாரத்துக்குத் தொழில்நுட்பச் சான்று ஒன்று அவர் கேட்பார் என்றும், அது ஆயத்தமாக உள்ளது என்றும் சம்பத் தெரிவித்து ஒரு தாளை நகர்த்தினார். தேவசகாயம் அதை மும்முறை படித்தார். “இந்நிழற்கடிகாரம் காட்டும் நேரமே ஆம்பூரின் சரியான நேரம் என்றும், அதனோடு கூட்டவோ அதிலிருந்து குறைக்கவோ எதுவும் இல்லை என்றும், அளந்து பார்த்து உறுதி கூறுகிறேன்.”

“சூரியன் வந்து கையெழுத்துப் போடாது மாஸ்டர். நீங்கதான் போடணும்,” என்றார் சம்பத். கையெழுத்திட்டால் அவரை நேர அலுவலராக உயர்த்துவது பற்றியும், கல்லில் அவர் பெயரை மேலே ஏற்றுவது பற்றியும் குழு சிந்திக்கும் என்றும் கூறினார். கையெழுத்திடாவிடின், படுத்துவிட்ட பன்னிரண்டடித் தகடு குறித்த கோப்பு இன்னும் மூடப்படவில்லை என்பதையும் நினைவூட்டினார்.

“இதுதான் சரியான நேரம்னா, காலைலயும் இதையே பார்த்து உள்ள வரலாமா சார்?” என்று தேவசகாயம் கேட்டார்.

“காலையில் சங்கு,” என்றார் தலைவர்.

“நவம்பர் மாசம் ரெண்டும் ஒண்ணா வந்துடும் சார். அப்போ?”

“அப்போது குழு கூடும்.” தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் குரலில் சினம் இல்லை. அறியாதவருக்குக் கற்பிக்கும் பொறுமையே இருந்தது. “மாஸ்டர், நீங்கள் நேரம் எவ்வளவு என்று அளந்துகொண்டே இருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்துக்கு அது தேவையில்லை. நேரம் யாருடையது என்று தெரிந்தால் போதும்.”

குறிப்பேட்டில் அதை எழுதலாமா வேண்டாமா என்று சம்பத் ஒருகணம் பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதினார்.

அப்போது மாலைச் சங்கு ஊதியது. தேவசகாயம் எழுந்தார்.

“உட்காருங்கள்,” என்றார் தலைவர். “இன்னும் இருபத்தொன்பது நிமிடம் இருக்கிறது.”

தேவசகாயம் அவரை நோக்கினார். இருபத்தெட்டு என்றோ முப்பது என்றோ அவர் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பலகையில் பிப்ரவரிக்கு நேரே பொறித்திருந்த எண் எதுவோ, அதனையே சரியாகச் சொன்னார். பதினேழு பேரில் எவருக்கும் அது வியப்பாக இல்லை.

அவர் தாளை நேராக்கி, மேசையின் விளிம்புக்கு இணையாக வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

“கையெழுத்துப் போடல சார்,” என்றார். “சங்கு ஊதிடுச்சு. போற வழியில தையல் ஹால்ல நிஜமாவே அஞ்சரை ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு, அஞ்சு நாப்பது பஸ்ஸுக்குப் போறேன்.”